கணவன் மனைவிக்குள் எச்சில் உண்டா?

மட்டக்களப்பின் பட்டிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். திருமணமாகி நான்கு வருடம், கையில் ஒரு பிள்ளை. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் வாயால் இன்பம் கொடுத்துப் பார்ப்போமா என்று கணவர் சில மாதங்களாகக் கேட்கிறாராம். வற்புறுத்தவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. இவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "இது வெளிநாட்டுப் படங்களில் பார்த்துப் பழகியதுதானே? நம்முடைய ஆட்கள் முன்பு இப்படிச் செய்திருப்பார்களா? பாவமா? நோய் வருமா?" என்று கேட்கிறார். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: கணவர் வெத்திலை போடுபவர், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை இருக்கிறது, அதைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறதாம்.

மகள், நான் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் 27 வருடம் மருத்துவிச்சியாக வேலை செய்தவள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்குப் பல தடவை வந்திருக்கிறது. ஆனால் ஒருவர்கூட நேராகக் கேட்டதில்லை. பிள்ளையின் நிறை, அடுத்த தடுப்பூசி என்று சுற்றி வந்து, நான் வாசலில் செருப்பை மாட்டும் நேரத்தில் "மிஸ், ஒண்டு கேக்கலாமா?" என்று மெதுவாகத் தொடங்குவார்கள். நீங்கள் நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் நேராகவே சொல்கிறேன்.

முதலில் அருவருப்பு. அதை நான் சின்ன விஷயமாகத் தள்ள மாட்டேன். நம் வீடுகளில் எச்சில் என்ற சொல்லோடுதான் பிள்ளைகள் வளர்கிறார்கள். தண்ணீர்ச் செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்குகிறோம். துடக்கு நாட்களில் பெண் கோயிலுக்குப் போவதில்லை, சில வீடுகளில் குசினிக்குள்ளும் வருவதில்லை. வாய் ஒரு அசுத்தம், பெண்ணுறுப்பு இன்னொரு அசுத்தம் என்று இருபது வருடம் மனதில் பதிந்த பிறகு, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால் உடம்பு பின்வாங்கத்தான் செய்யும். அது உங்கள் குறை இல்லை.

ஆனால் அந்த எச்சில் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். என் அம்மம்மா, அம்மப்பா சாப்பிட்டு எழும்பிய தட்டில்தான் தனக்குச் சோறு போட்டுக்கொள்வா. அதை அன்பு என்றும் பத்தினித்தனம் என்றும் ஊர் சொன்னது. அம்மம்மா சாப்பிட்ட தட்டில் அம்மப்பா ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. ஆக, நம் வீடுகளில் எச்சில் ஒரு பக்கமாக மட்டும்தான் ஓடியிருக்கிறது, கணவனிடமிருந்து மனைவிக்கு. நீங்கள் கேட்கும் விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது இதுதான். அது இரண்டு பக்கமும் ஓடச் சொல்கிறது.

இரண்டு பக்கமும் ஓடும் எச்சில் நம் மொழிக்குப் புதிதும் இல்லை. திருக்குறளின் 1121ஆவது குறள் "பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி, வாலெயிறு ஊறிய நீர்" என்கிறது. இனிமையாகப் பேசும் இவளுடைய வெண்பற்களில் ஊறிய நீர், பாலும் தேனும் கலந்ததைப் போல இருக்கிறதாம். சொல்பவன் ஆண். பெண்ணின் வாய்நீரை அவன் சுவைத்துச் சொல்கிறான். 1101ஆவது குறளில் பார்த்தும் கேட்டும் உண்டும் முகர்ந்தும் தொட்டும் அறியும் ஐந்து இன்பமும் இவளிடமே இருக்கின்றன என்கிறான். அந்த "உண்டு" என்ற சொல்லை வள்ளுவர் கூச்சப்பட்டு விட்டுவிடவில்லை. பெரியபுராணத்துக் கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரால் இறைவனை நீராட்டி, கடித்துச் சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தார். சிவன் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார். ஆயிஷா நாயகி மாதவிடாயோடு இருந்தபோதும், அவர் வாய் வைத்துக் குடித்த அதே இடத்தில் நபிகள் நாயகமும் வாய் வைத்துக் குடித்ததாக ஹதீஸ் இருக்கிறது. இவற்றை நான் படுக்கையறை விஷயத்துக்கு ஆதாரமாகக் கொண்டுவரவில்லை, அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்பு வந்த இடத்தில் எச்சில் என்ற கணக்கு மாறும் என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி, வெளிநாட்டுப் பழக்கமா என்ற கேள்வி. இல்லை. ஏறத்தாழ 3ஆம் நூற்றாண்டில் வாத்ஸ்யாயனர் எழுதியதாகக் கருதப்படும் காமசூத்திரத்தில் இரண்டாம் பகுதியின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் வாய்வழி உறவைப் பற்றியது. அதற்கு ஔபரிஷ்டகம் என்று பெயர். ஆண் பெண்ணுக்குச் செய்வதும் அதில் உண்டு. எப்படிச் செய்வது என்பதை வாயில் முத்தமிடுவதிலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். இருவரும் தலைமாற்றிப் படுத்து ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் செய்வதற்கும் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்: காகிலம். காகம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.

அந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதில் வரும் வாக்குவாதம். இது சாஸ்திரத்துக்கு விரோதம், செய்யக்கூடாது என்று பழைய ஆசிரியர்கள் சொன்னதை முதலில் வைக்கிறார். பிறகு ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று காட்டுகிறார். கிழக்கு நாட்டார் ஒதுக்குகிறார்கள், சூரசேன நாட்டார் எதற்கும் தயங்குவதில்லை. அதன் பின் வருவது நம் எச்சில் வழக்கேதான். பால் குடிக்கும்போது கன்றின் வாய் சுத்தம், மான் பிடிக்கும்போது நாயின் வாய் சுத்தம், பழத்தைக் கொத்தி விழுத்தும்போது பறவையின் வாய் சுத்தம், கூடலின்போது பெண்ணின் வாய் சுத்தம் என்ற பழைய வாக்கைச் சான்றாக எடுக்கிறார். சரி, அப்படியானால் எல்லோரும் செய்யுங்கள் என்கிறாரா? அதுவும் இல்லை. நாய் இறைச்சியின் சுவையும் குணமும் வைத்திய நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக அறிவுள்ளவன் அதைச் சாப்பிடுவானா என்று கேட்கிறார். இடத்தையும் காலத்தையும் தன் மனதையும் பார்த்து, செய்வதானால் செய்யலாம், விடுவதானால் விடலாம் என்று முடிக்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் எனக்கும் தெரியாது.

ஆனால் அந்த நூலையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டாம். அதே அத்தியாயத்தில் வாயால் இன்பம் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பகுதி மூன்றாம் பாலினத்தார், உடம்பு பிடித்துவிடுபவர்கள், பணியாட்கள். கீழே இருப்பவர் கொடுக்க, மேலே இருப்பவர் வாங்குகிறார். ஒருவருக்கொருவர் என்பதற்கு மிகச் சில வரிகளே கிடைக்கின்றன. ரோமர்களிடமும் இதே கதைதான். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரின் குளிப்பு மண்டபம் ஒன்றில், வாய்வழி உறவைக் காட்டும் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆண் பெண்ணுக்குச் செய்யும் காட்சியும் அங்கே உண்டு. ஆனால் அப்படிச் செய்தவனின் வாய் தீட்டுப்பட்டது என்று ரோமர்கள் கேலி செய்தார்கள், அவன் முகமன் முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாங்கியவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. அம்மம்மாவின் தட்டுக் கணக்கு அங்கேயும் இருந்தது.

கஜுராஹோக் கோயில்களில், அவை 10, 11ஆம் நூற்றாண்டுகளில் சந்தேல மன்னர்கள் கட்டியவை, வாய்வழி உறவைக் காட்டும் சிற்பங்களும் உள்ளன. தமிழில் அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்கும் கொக்கோகம் காமக் கலையையே பேசும் நூல். இரண்டு எண்கள் தலைகீழாகப் படுத்திருப்பதுபோல இருப்பதால் 69 என்று சொல்லும் பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. ஆகவே பெயர்தான் புதிது.

நம் ஊருக்கு வருகிறேன். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வந்த மாப்பிள்ளையை நம் பெண்கள் வசியம் செய்து திரும்பிப் போகவிடாமல் வைத்துக்கொள்வார்களாம். சின்ன வயதில் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இப்போது யோசித்தால், பெண்ணுக்கு வீடும் காணியும் இருந்த ஊரைப் பார்த்து மற்றவர்கள் பயந்து சொன்ன பேச்சாகவே படுகிறது. இங்கே தமிழரிடமும் சோனகரிடமும் குடி தாய்வழியில் வருகிறது, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கண்ணகி அம்மனுக்காக நடந்த கொம்புமுறி விளையாட்டில் கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமுமாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் வசைபாடிக் கேலி செய்திருக்கிறார்கள். மச்சானை நினைத்து மச்சி பாடும் கவிகளும் வயல்வெளியிலும் வீட்டு வாசலிலும் ஒலித்தவை. ஆசையை வாய்விட்டுப் பாடத் தெரிந்த ஊர் இது. படுக்கையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று பேசத்தான் வாய் வராமல் போய்விட்டது.

அதற்கு வீட்டமைப்பும் ஒரு காரணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது நல்ல ஏற்பாடு, பெண்ணுக்குப் பாதுகாப்பு. ஆனால் முதல் சில வருடம் அடுத்த அறையில் தாய் தகப்பன், தங்கச்சிமார். சீலைத் திரைதான் கதவு, தகரக் கூரையின் கீழே பாதிச் சுவர். சத்தம் வரக்கூடாது, வெளிச்சம் கூடாது, சீக்கிரம் முடிய வேண்டும். இப்படித் தொடங்கிய தம்பதிக்கு ஒருவர் உடம்பை மற்றவர் கண்ணால் பார்த்த அனுபவமே இருக்காது. அக்கரைப்பற்றுப் பக்கத்தில் மூன்று பிள்ளை பெற்ற ஒரு தாய் என்னிடம் சொன்னா, தனக்கு இன்பம் என்று ஒன்று இருப்பதே 38 வயதில், சொந்த வீட்டில் கதவு பூட்டிய பிறகுதான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது அவ அழுதா.

உடம்பின் அமைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பெண்ணுறுப்பின் மேல்முனையில் சிறு மொட்டுப்போலத் தெரியும் கிளிட்டோரிஸ்தான் பெண்ணின் இன்பத்துக்கான முக்கிய உறுப்பு. வெளியே தெரிவது நுனி மட்டும். பெரும்பகுதி உள்ளே விரிந்திருக்கிறது என்பதை ஆஸ்திரேலியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன் ஓ'கொனல் 1998இல் விரிவாகக் காட்டினார். அதற்குப் போகும் இரண்டு நரம்புகளிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் இருப்பதாக 2022இல் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள். உள்நுழையும் உறவால் மட்டும் பல பெண்களுக்கு உச்சம் வருவதில்லை. கையாலோ வாயாலோ தொடுவது பலருக்குத் தேவைப்படுகிறது. இது வெட்கக்கேடும் இல்லை, நோயும் இல்லை. ஆகவே உங்கள் கணவர் தனக்கு மட்டும் கேட்காமல் "ஒருவருக்கொருவர்" என்று கேட்டிருப்பதை நான் கவனிக்கிறேன். தனக்கு மட்டும் கேட்கும் ஆண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் முறைப்பாடு வந்திருக்கிறது.

பாவமா என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இஸ்லாமிய அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. மாதவிடாயின்போது உடலுறவும் பின்வழி உறவும் விலக்கு என்பதில் அவர்கள் உறுதி. வாய்வழி பற்றிக் குர்ஆனில் நேரடியான தடை இல்லை, அசுத்தம் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்பவர்களும் வெறுக்கத்தக்கது என்பவர்களும் இருக்கிறார்கள். கத்தோலிக்கத்தில், உறவின் முடிவு இயற்கை வழியில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். சைவ வீட்டுப் பெண் நீங்கள் என்றால், மேலே சொன்ன குறளும் கண்ணப்பரும் போதும் என்று நினைக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வட்ஸ்அப்பில் பயமுறுத்தும் செய்திகள் வருகின்றன. வெள்ளைக்காரர் 1883இல் எழுதிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் "இயற்கைக்கு மாறான" உறவையும் "பாரதூரமான அநாகரிகச் செயலையும்" குற்றமாக்கின. 365அ முதலில் ஆண்களை மட்டும் குறித்தது, 1995இல் யாராயினும் என்று மாற்றினார்கள். அநாகரிகம் என்றால் எது என்று அதில் விளக்கம் கிடையாது. இப்பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. எந்தப் பழக்கத்தை அந்நியம் என்கிறோமோ அது நம் பக்கத்து நூல்களில் இருக்கிறது. அதைக் குற்றம் என்ற சட்டம்தான் கப்பலில் வந்தது.

அதே சட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ்ந்தால் தவிர, மனைவியைப் பலவந்தம் செய்யும் கணவன் மீது பாலியல் வல்லுறவுக் குற்றம் சாட்ட முடியாது. ஆனாலும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை என்று நம்புகிறேன். தலையைப் பிடித்து அழுத்துவது, அழுதாலும் நிறுத்தாதது, "செய்யாவிட்டால் வேறு ஆளிடம் போவேன்" என்பது, இவை எல்லாம் வன்முறைதான். வேண்டாம் என்பதற்கு நீங்கள் காரணமே சொல்லத் தேவையில்லை. இன்று சரி என்றவர் நாளைக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆண்களுக்கும் அப்படியே.

செய்து பார்க்க மனம் வந்தால், ஒரே நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்று தொடங்காதீர்கள். மாறி மாறி, ஒருவருக்குப் பிறகு ஒருவர் என்பது எளிது. ஒரே நேரத்தில் என்றால் இரண்டு பக்கமும் கவனம் சிதறும், பலருக்கு அது ஒத்துவருவதில்லை. படுக்கும்போது ஒருவர் மேல் ஒருவர் படுக்காமல் இருவரும் பக்கவாட்டில் சரிந்து படுத்தால் மூச்சு முட்டாது. தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இருவரும் முன்னதாகக் குளித்துவிட்டால் பாதி அருவருப்பு போய்விடும். பெண்ணுறுப்பின் உள்ளே சவர்க்காரம் போட வேண்டாம், வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். இலேசான மணமும் நிறமற்ற கசிவும் இயல்பு. பச்சை, மஞ்சள், தயிர்போலத் திரண்டது, நாற்றம், எரிவு இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். மிளகாய் பிடித்த கையையும் உறைப்புச் சம்பல் சாப்பிட்ட வாயையும் நன்றாகக் கழுவுங்கள், அந்த எரிவு இலேசில் போகாது. பல் துலக்கிய உடனே வேண்டாம், முரசில் கீறல் இருந்தால் கிருமி உள்ளே போகும், வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

இதனால் கர்ப்பம் தங்காது. ஆனால் நோய் தொற்றும். கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ், ஹெச்.பி.வி. ஆகியவை வாய்வழியாகப் பரவும். எச்.ஐ.வி. ஆபத்து மிகக் குறைவு. இருவருக்கும் வேறு உறவு இல்லை, நோய் இல்லை என்றால் பயம் பெரிதில்லை. சந்தேகம் இருந்தால் மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை அரச ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது, பரிசோதனை இலவசம், இரகசியம் காப்பார்கள். உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருக்கும் நாட்களில் கண்டிப்பாக வேண்டாம், அது ஹெர்பிஸ், கீழே தொற்றிவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அப்படிப் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பகாலத்தில் பெண்ணுறுப்புக்குள் காற்றை ஊதக் கூடாது, அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். ஹெச்.பி.வி. என்ற வைரஸின் சில வகைகள் கருப்பை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் உண்டாக்கும். 2017இலிருந்து பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் பிள்ளை மகள் என்றால் அந்த வயதில் தவறவிடாதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நீங்கள் கடைசியில் போட்ட வரிக்கு வருகிறேன். உண்மையில் நான் முதலில் படித்துத் திடுக்கிட்டது அதுதான். வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடும் வாயில் வெள்ளைப் படை என்றால் அதை அருவருப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அது புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயும் ஒன்று. இந்தக் கிழமையே அரச ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படை வலிக்காது, அதனால் அவர் "ஒண்டுமில்ல" என்பார், விடாதீர்கள். சுண்ணாம்பு சுட்ட புண்ணா, வேறா என்று பார்த்து, தேவையென்றால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். வாய் முன்புபோல அகலத் திறக்கிறதா, உறைப்புப் பட்டால் எரிகிறதா என்பதையும் டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வெத்திலையை அன்றைக்கே நிறுத்த வேண்டும். முடிவு வரும்வரை மற்றப் பேச்சை ஒத்திவையுங்கள். அவரிடம் காரணத்தை மறைக்காமல், "இஞ்சாருங்க, உங்கட வாயைப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு, முதல்ல அதைக் காட்டுவோம், மறுகா மற்றதைப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். போய்க் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.